போதைய விடறதுக்கு அவனா விரும்பி வரணுமா, இழுத்துட்டு போனாலும் சரியாகுமா?

வடசென்னைவாசி:
எங்க சித்தி பையன், 23 வயசு, ரெண்டு வருஷமா வலி மாத்திரைய ஊசில ஏத்திட்டு இருக்கான். சித்திரை வெயில்லயும் ஃபுல் கை சட்டைதான், முழங்கை மடிப்புல கருப்பு கருப்பா தழும்பு. வீட்ல நாலு ஆள வச்சு தூக்கிட்டு போய் சென்டர்ல போட்டுடலாம்னு பேசுறாங்க. எனக்கு மனசு ஒப்பல, அவனா வந்தாதான் நிக்கும்னு தோணுது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

இரும்புக்கடை:
தம்பி அவனா வருவான்னு உக்காந்திருந்தா பாடைதான் வரும். என் கூடப்பொறந்தவன் பிரவுன் சுகர் அடிச்சான், அம்மா தாலிய அடகு வச்சான், அப்பவும் உறைக்கல. நானும் மாமாவும் ஆட்டோல அமுக்கி உக்கார வச்சு கொண்டு போனோம், வழியெல்லாம் என்ன கெட்ட வார்த்தைல திட்டிட்டே வந்தான். இப்போ 9 வருஷம் ஆச்சு, பொண்டாட்டி புள்ளையோட இருக்கான்.

மலர்நர்ஸ்:
அண்ணா, உங்க தம்பி பொழைச்சது ரொம்ப சந்தோஷம். ஆனா போதை மறுவாழ்வு வார்டுல 11 வருஷமா இருக்கேன், பயந்துதான் இத எழுதுறேன். அடைச்சு வச்சு மாசம் கழிச்சு வெளிய விட்டதும் சில பேர் அதே பழைய டோஸ ஏத்துறாங்க, இடையில எடுக்காம இருந்த உடம்பு அத தாங்காது, மூச்சு நின்னுடும். தானா வர்றவங்க பெரிய ஞானம் வந்து வர்றதில்ல. ஒருத்தர் பொண்ணோட ரேங்க் கார்டுல கையெழுத்து போடும்போது கை நடுங்கி பேனா இழுத்துட்டு போயிடுச்சு, அந்த பாப்பா எதுவும் கேக்காம ரப்பர் எடுத்துட்டு வந்து நின்னுச்சாம், மறுநாள் காலைல 7 மணிக்கு எங்க வாசல்ல நிக்கிறார். அன்னைக்கே பெட் கொடுத்தோம். திங்கக்கெழம வாங்க, கூட ஆள கூட்டிட்டு வாங்கன்னு அனுப்பியிருந்தா போச்சு.

பழையபேப்பர்:
வியட்நாம் போர் அப்போ நடந்தத பாருங்க. அங்க இருந்த அமெரிக்க சிப்பாய்ங்க கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் ஹெராயினுக்கு அடிமையா இருந்தாங்க. லீ ராபின்ஸ்னு ஒரு ஆய்வாளர் ஊர் திரும்பினவங்கள தேடி போய் விசாரிச்சாங்க, அப்படி அடிமையா இருந்தவங்கள்ல முதல் வருஷத்துல மறுபடி அடிமையானவங்க 5 சதவீதம் போலதான். பெரும்பாலானவங்க சிகிச்சைக்கே போகல. இடம் மாறுச்சு, கூட்டாளி மாறுனான், கைக்கு எட்டல, விட்டுட்டாங்க.

இரும்புக்கடை:
பாதிய விட்டுட்டீங்களே. 1971ல இருந்து மூத்திர டெஸ்ட்ல தேறாம அவங்கள ஊருக்கு ஃப்ளைட் ஏத்தல. அது கட்டாயம் இல்லாம வேற என்ன? நான் சொல்றதும் அதேதான்.

மலர்நர்ஸ்:
அங்க விட்டா வீட்டுக்கு போலாம்னு ஒண்ணு இருந்துச்சுங்கண்ணா, இந்த பையனுக்கு என்ன இருக்கு? அடி உதை மட்டும்தானா? போலீஸ் பயத்துலயே நிறைய பேர் ஆஸ்பத்திரி பக்கம் வர்றதில்ல. 1985 போதைப்பொருள் சட்டத்துல 64ஏ பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, சின்ன அளவு கேஸ்ல மாட்டினவங்க தானா சிகிச்சைக்கு வந்து முழுசா முடிச்சா அந்த கேஸ்ல தண்டனை கிடையாது. இத யாரும் அவங்ககிட்ட சொல்றதே இல்ல. வடசென்னைவாசி தம்பி, அவன் எதுக்கு பயப்படறான்னு கேட்டீங்களா?

வடசென்னைவாசி:
நேத்து ராத்திரி மொட்டை மாடில கேட்டேன் அக்கா. சாவுக்கு பயம் இல்லயாம். நிறுத்தினா வர்ற அந்த நாலஞ்சு நாள்தான் பயமாம், வாந்தி, கால் எலும்ப முறுக்கற வலி, அத அம்மா பாக்கக்கூடாதாம். அதுக்கு மருந்து கொடுப்பாங்கன்னே அவனுக்கு தெரியல.

மலர்நர்ஸ்:
இருக்குப்பா. புப்ரெனார்பின், நாக்குக்கு அடில வைக்கற மாத்திரை, டாக்டர் பார்த்து கொடுப்பாங்க, அந்த வலிய நல்லா அடக்கும். 14446க்கு அடிங்க, காசில்லாத நம்பர், பக்கத்துல எங்க இருக்குன்னு சொல்லுவாங்க. அவன் சரின்னு சொன்ன அதே நாள் கூட்டிட்டு போங்க, நல்ல நாள் பாக்காதீங்க.

இரும்புக்கடை:
நான் இன்னமும் என் பேச்சுலதான் நிக்கறேன், என் தம்பிய தூக்காம விட்டிருந்தா அவன் இல்ல. ஆனா ஒண்ணு கேளு தம்பி, எப்படி போனாலும் மூணாவது நாள் போல அவன் செருப்ப தேடுவான், வீட்டுக்கு போறேம்பான். அன்னைக்கு நீ கூட இரு.