இன்னும் வெளியே எடுக்காதே

குழு: வீட்டார்
ஞாயிறு

மீனா, மாலை 5.40: கதிர் அண்ணா, உணவகத்தில் வேலையில் இருக்கிறாயா? புதிதாக வாங்கிய சூ வீட் கருவியில், அதுதான் பையில் அடைத்த கறியைக் கொதிக்காத வெந்நீரில் ஒரே சூட்டில் வேகவைப்பது, முதல்முறையாகக் கோழியின் நெஞ்சுக்கறி வைத்திருக்கிறேன். 63 டிகிரி. ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. எடுத்துவிடவா?

கதிர், 5.41: இன்னும் வெளியே எடுக்காதே. எவ்வளவு தடிமன்? பையைப் படம் பிடித்து அனுப்பு.

மீனா, 5.43: (படம்)
இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டர். அந்தத் தடிமனுக்குரிய நேரத்தைப் பார்த்துத்தான் வைத்தேன்.

கதிர், 5.45: இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன, பார். தண்ணீரைப் பொறுத்தவரை அது ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரே துண்டு. தடிமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி சூடேற ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். பையின் மூலையில் காற்றும் நிற்கிறது. அதனால்தான் ஒரு பக்கம் மிதக்கிறது.

பெரியம்மா, 5.46: கொதிக்காத தண்ணீரில் கறி எப்படி வேகும்? சின்னப் பிள்ளை சாப்பிடப் போகிறது. பேசாமல் கொதிக்க வைத்துவிடு, மீனா.

கதிர், 5.49: பெரியம்மா, நீங்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் கிருமி சாவதற்குச் சூட்டின் அளவு மட்டும் கணக்கில்லை, அந்தச் சூடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் கணக்கு. கோழிக்கறியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி 74 டிகிரியில் நொடியில் ஒழியும். 60 டிகிரியில் என்றால், கறியின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டிய பிறகும் அரை மணிக்கு மேல் அப்படியே இருக்க வேண்டும். கொதிக்க வைத்தால் சாறெல்லாம் வெளியேறி நெஞ்சுக்கறி நார்நாராகிவிடும்.

சித்தப்பா, 5.50: பாலை 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்துப் பாஸ்சரைஸ் செய்கிறார்களே, அதைப் போலவா?

கதிர், 5.50: அதேதான், சித்தப்பா.

கதிர், 5.52: மீனா, பையைத் திறந்து துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வை. பையின் வாயைத் திறந்து வைத்தபடியே அதைத் தண்ணீரில் மெல்ல இறக்கு. தண்ணீரின் அழுத்தமே காற்றை வெளியே தள்ளிவிடும். பிறகு மூடு. இப்போதிலிருந்து மறுபடியும் ஒன்றேகால் மணி நேரம்.

மீனா, 5.58: துண்டுகளைப் பிரித்தபோது வெளிப்பக்கம் வெளுத்திருந்தது. ஒட்டியிருந்த பக்கம் இன்னும் பச்சையாக, வழவழவென்று இருந்தது. பார்த்ததும் பகீரென்றது, அண்ணா.

கதிர், 5.59: கேட்டுவிட்டு எடுக்க நினைத்தாயே, அதுவே பெரிது.

வாணி, 6.10: உணவகங்களில் காலையில் சமைத்து, இரவில் சூடாக்கிக் கொடுக்கிறார்களாமே. அது சரியா?

கதிர், 6.16: முறையாகக் குளிரவைத்தால் சரி. 1974இல் பிரான்சின் ரோவான் நகரில், த்ருவாக்ரோ உணவகத்துக்காகச் சமையல் கலைஞர் ஜார்ஜ் பிராலு இந்த முறையைக் கையாண்டதே வாத்து ஈரல் உருகி எடை குறையாமல் இருக்கத்தான். உணவகங்களுக்கு இன்றும் அந்த லாபம் உண்டு. ஆனால் காற்றில்லாத பை என்பது, உணவை உயிருக்கே ஆபத்தான நஞ்சாக்கும் போட்யூலிசம் கிருமிக்கு ஏற்ற இடம். அதன் வித்துகள் இந்தச் சூட்டில் சாவதில்லை. உடனே சாப்பிடாத பையைப் பாதிக்குப் பாதி ஐஸ் போட்ட தண்ணீரில் அமிழ்த்தி, நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஒருமுறை புதிதாக வந்த பையன் சுடச்சுட பன்னிரண்டு பைகளை அப்படியே ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டான். மறுநாள் காலையில்தான் தெரிந்தது. பன்னிரண்டையும் குப்பையில் கொட்டினேன். மனம் ஆறவில்லை, ஆனாலும் கொட்டினேன்.

பெரியம்மா, 6.18: நல்ல காரியம் செய்தாய்.

மீனா, மாலை 7.31: எடுத்துவிட்டேன். ஒரு துண்டை ஈரம் போகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த இரும்பு வாணலியில் பக்கத்துக்கு முக்கால் நிமிடம் போட்டேன். மேலே பொன்னிறம். கத்தி வைத்த இடத்தில் சாறு துளிர்த்தது. பிள்ளை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மற்றொரு துண்டு பையோடு ஐஸ் தண்ணீரில் இருக்கிறது, மேலே தேதி எழுதிவிட்டேன்.

கதிர், 7.33: ஐஸ் கரைந்தால் இன்னும் போடு.