நாலில் இரண்டு சரி: நாக்கா, குருட்டு அதிர்ஷ்டமா?

கேள்வி

எந்த கோலாவைக் கொடுத்தாலும் ஒரே மிடறில் பெயரைச் சொல்லிவிடுவேன் என்று என் மச்சானுக்கு ஏக பெருமை. சரி, பார்த்துவிடலாம் என்று கண்ணைக் கட்டிவிட்டு, நாலு வகையை நாலு டம்ளரில் ஊற்றி நீட்டினேன். எந்த நாலு பெயர் என்பது அவனுக்குத் தெரியும், எது எதில் என்பதுதான் தெரியாது. இரண்டைச் சரியாகச் சொன்னான். "பாதி மார்க், பாஸ்" என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாலே இரண்டு சரியாகிவிடாதா? ஒவ்வொன்றுக்கும் 1/4 என்று வைத்துப் பெருக்கினால் போதுமா?

பதில் 1

பெருக்கினால் கணக்கு இடிக்கும். ஒரு டம்ளருக்குக் கொடுத்த பெயரை இன்னொன்றுக்குக் கொடுக்க மாட்டான் அல்லவா? நாலு பெயரை 24 விதமாக மாற்றி வைக்கலாம். அதில் எல்லாமே தப்பாவது 9, ஒன்று மட்டும் சரி 8, இரண்டு சரி 6, நாலும் சரி 1. மூன்று மட்டும் சரியாவது நடக்கவே நடக்காது, மிச்சமிருக்கும் பெயர் மிச்சமிருக்கும் டம்ளருக்குத்தானே போகும்! ஆக, இரண்டோ அதற்கு மேலோ சரியாக 7/24, சுமார் 29%. சளி பிடித்து ருசியே தெரியாதவனுக்கும் இந்த வாய்ப்பு உண்டு. பாஸ் எல்லாம் கிடையாது.

பதில் 2

நாலும் சரியாகச் சொல்லியிருந்தால்கூட 1/24, அதாவது 4 சதவீதத்துக்கு மேல். புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1935-இல் எழுதிய தேநீர்ச் சோதனை இதைவிடக் கறார். எட்டுக் கோப்பை, நாலில் முதலில் பால், நாலில் முதலில் தேநீர். பால் முந்திய நாலைப் பொறுக்க வேண்டும். பொறுக்கும் வழிகள் 70, அதனால் குருட்டாம்போக்கில் முழுசும் சரியாக 1/70. ஆனால் நாலில் மூன்று போதும் என்று விட்டுக்கொடுத்தால் வாய்ப்பு 17/70-க்கு எகிறிவிடும். ஒரே ஒரு சறுக்கலுக்கு இவ்வளவு விலை!

கேள்வி கேட்டவர்

எட்டு டம்ளர் குடித்தால் ஏப்பம்தான் வரும். குறைவாக ஏதாவது?

பதில் 1

மூன்று டம்ளர், இரண்டில் ஒரே கோலா, ஒன்றில் வேறு. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்கு 1/3. ஐந்து சுற்றில் குறைந்தது நாலு சரியாக வர 11/243, சுமார் 4.5%. டம்ளருக்கு ஒரு வாய் போதும். எல்லாம் ஒரே குளிர்ச்சியில் இருக்கட்டும், ஒரு பாட்டிலில் மட்டும் கேஸ் போயிருந்தால் நாக்கு அதைத்தான் பிடிக்கும். எத்தனை சுற்று என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் ஜெயிக்கும்வரை "இன்னும் ஒன்று" என்பான்.