மாருதி 800: ஹெட் கேஸ்கெட் மாத்த இன்ஜினை இறக்கணுமா?

(வடசென்னைக்காரங்க மூணு பேர் பேசிக்கிட்டது, அவங்கவங்க ஏரியா பேர்ல.)

வியாசர்பாடி: ஆயில் மூடியைத் திறந்தா பால் காபி கலர்ல நுரை. ரேடியேட்டர் தண்ணியும் குறையுது, வெளியே ஒழுகல. ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கெட் போயி, தண்ணி ஆயில்ல கலக்குது போல. அதை மாத்த வீட்டு வாசல்லயே இன்ஜினை இறக்கலாமாண்ணே?

தண்டையார்பேட்டை: இறக்கவே வேணாம்பா. மூணு சிலிண்டர், ஒரே ஹெட். வண்டியில வெச்சே கழட்டலாம். இன்ஜின் முழுசா ஆறட்டும், சூட்டுல போல்ட்டைத் தளர்த்தினா அலுமினிய ஹெட் வளைஞ்சிடும். டைமிங் மார்க்கை (புல்லியில இருக்கிற குறி) சேர்த்து வெச்சுட்டு டைமிங் பெல்ட்டை எடு. போல்ட்டை ஓரத்துல இருந்து நடுவுக்குக் கழட்டு. மாட்டுறது நடுவுல இருந்து ஓரத்துக்கு, டார்க் ரென்ச்சால (முறுக்கு அளவு காட்டுற ஸ்பானர்) மூணு சுத்தா.

ராயபுரம்: ஹெட் வளைஞ்சிருந்தா, கேஸ்கெட் மட்டும் மாத்தினா மறுபடி போயிடும். ஹெட்ல கேஸ்கெட் உட்கார்ற பக்கத்துல இரும்பு ஸ்கேலை நிறுத்தி, அதுக்கு அடியில 0.05 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) விட்டுப் பாரு. நுழைஞ்சா ஃபேசிங்குக்கு (முகத்தைச் சீவிச் சமமாக்குறது) கொடு. போல்ட் ஓட்டையில தேங்கின ஆயிலைத் துணியால ஒத்தி எடு, விட்டா முறுக்கும்போது பிளாக்கே விரிசல் விடலாம். நம்ம கடல்காத்துக்கு சைலன்சர் நட்டு துருவேறி ஒடியும், முந்தின ராத்திரியே துரு எண்ணெய் விட்டுடு.

வியாசர்பாடி: பழைய ஆயில்?

தண்டையார்பேட்டை: தண்ணி கலந்தது, பேரிங்கைத் தின்னுடும். ஃபில்டரோட மாத்து.