கெட்ட மெசேஜ் வந்தால் கியூ நிற்க வேண்டுமா, தாண்டிப் போக வேண்டுமா?

கோண்டாவிலான்

வணக்கம். ஒரு விஷயத்தில் எங்கள் அலுவலகமே இரண்டு கட்சியாகிவிட்டது. அதனால் இங்கே கேட்கிறேன்.

யாழ்ப்பாணம், சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை என்று நான்கு இடங்களில் கடை வைத்திருக்கும் ஒரு கட்டடப் பொருள் வியாபாரிக்கு வேலை செய்கிறோம். பில், திரும்பி வரும் பொருள், காசு வரவு எல்லாம் கடைகளிலிருந்து, மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் டபிள்யூஎஸ்ஓ2 மைக்ரோ இன்டகிரேட்டருக்கு வரும். அது அவற்றை ரபிட்எம்கியூ என்ற மெசேஜ் வரிசை (கியூ) மென்பொருளில் உள்ள ஒரு மெசேஜ் ஸ்டோரில் போடும். அப்புறம் மெசேஜ் புரொசெசர் ஒவ்வொன்றாக எடுத்துத் தலைமைக் கடையின் கணக்கு மென்பொருளுக்கு அனுப்பும்.

போன சனிக்கிழமை பின்னேரம் சுன்னாகத்திலிருந்து வந்த ஒரு பில்லில், கணக்கில் இன்னும் பதியாத ஒரு பெயின்ட் குறியீடு இருந்தது. கணக்கு மென்பொருள் 500, அதாவது சேர்வருக்குள் ஏதோ பிழை, என்று திருப்பி அனுப்பியது. நான்கு தடவை முயன்றுவிட்டு புரொசெசர் நின்றுவிட்டது. அதிகபட்ச முயற்சி 4 என்பதை நாங்கள் மாற்றாமல் விட்டிருந்தோம், அது சொன்னபடிதான் நடந்தது. திங்கள் காலை வரை எந்தக் கடையின் பில்லும் கணக்கில் ஏறவில்லை.

கெட்டதை ஓரத்தில் போட்டுவிட்டு மற்றதை அனுப்பு என்கிறார் முதலாளி. நின்றதுதான் சரி என்கிறார் எங்கள் டீம் லீட். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பனைமட்டை

உங்கள் டீம் லீட் சொல்வதுதான் சரி.

இது எஸ்.எம்.எஸ் அனுப்புகிற கியூ இல்லை, கணக்கு. பில் முதலில் ஏற வேண்டும், அதற்கான காசு வரவு அடுத்தது, பொருள் திரும்பி வந்தால் அது கடைசி. பில்லை ஓரத்தில் போட்டுவிட்டு மற்றதை ஓடவிட்டால், விற்காத பெயின்டைத் திருப்பி வாங்கியதாகக் கணக்கு நிற்கும். பிந்தி ஏறிய கணக்கை ஒரு காலையில் சரிக்கட்டலாம். முறை மாறி ஏறிய கணக்கைத் திருத்த மாதக் கடைசி வரை மினக்கெட வேண்டும்.

புரொசெசர் நின்றது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அது நின்றதை இரண்டு நாளாக ஒருவரும் பார்க்கவில்லையே, அதுதான் குறை. தானாக நிற்கும்போது ஓட வேண்டிய சீக்குவென்ஸ் (படிமுறை) ஒன்றை அதே புரொசெசரில் கொடுக்க இடம் இருக்கிறது. அதில் ஒரு எஸ்.எம்.எஸ் போட்டிருந்தால் சனிக்கிழமை இரவே விஷயம் முடிந்திருக்கும்.

நாவற்குழிச்சந்தி

அண்ணை, சாவகச்சேரியில் சீமெந்து வாங்கினவருக்கும் சுன்னாகத்துப் பெயின்டுக்கும் என்ன தொடர்பு? ஒரு பில்லுக்காக நான்கு கடையையும் நிறுத்துவதற்குப் பெயர் ஒழுங்கு இல்லை.

கோண்டாவிலான், அந்த புரொசெசரிலேயே முயற்சி முடிந்ததும் மெசேஜை விட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடு என்று சொல்கிற அமைப்பு இருக்கிறது. அதை மட்டும் போடாதீர்கள், போட்டால் மெசேஜ் காற்றோடு போய்விடும். தோற்றவை போய்ச் சேர இன்னொரு ஸ்டோரையும் சேர்த்துக் கொடுங்கள். காலையில் கணக்காளர் அதைத் திறந்து, குறியீட்டைப் பதிந்துவிட்டு, திரும்ப அனுப்பட்டும்.

பனைமட்டை

இப்படிப் பேசிய ஒருவர் அமைத்ததை நான் பார்த்திருக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது நான் வேலை செய்த இடத்தில் கியூ இருந்த சேர்வருக்கு ஜெனரேட்டர் உண்டு, அதை வாங்கி எழுத வேண்டிய பக்கத்துக்கு இல்லை. தோற்றால் ஒதுக்கு என்றுதான் அமைப்பு. கரண்ட் போன நேரத்தில் வந்த நல்ல மெசேஜ் எல்லாம் மளமளவென்று, தோற்றவை போய்ச் சேரும் டெட் லெட்டர் கியூவுக்குள் விழுந்தது. கரண்ட் வந்ததும் புதியவை நேரே உள்ளே போயின, பழையவை ஒதுங்கிக் கிடந்தன. பிறகு இரண்டையும் கலந்து அனுப்பினார்கள். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நாவற்குழிச்சந்தி

நீங்கள் இரண்டு வேறு வேறு தோல்வியை ஒன்றாக்குகிறீர்கள். எதிர்ப்பக்கம் இறந்து கிடந்தால் நிற்கத்தான் வேண்டும், அதில் எனக்கும் மறுப்பில்லை. தொடர்பே கிடைக்கவில்லை, சேர்வர் இப்போது இல்லை என்று 503 வருகிறது, டைம்அவுட் ஆகிறது என்றால் அடுத்த மெசேஜும் தோற்கத்தான் போகிறது. ஒதுக்கி என்ன பயன்? மெசேஜ்தான் கெட்டது என்றால் நாள் முழுக்க முயன்றாலும் அதே பதில்தான். அதை மட்டும் ஒதுக்க வேண்டும்.

இங்கே சிக்கலே அந்த 500தான். தெரியாத குறியீடு என்றால், அனுப்பியதில்தான் பிழை என்று சொல்கிற 400 அல்லது 422 வர வேண்டும். 500 என்று வந்தால் கெட்டது மெசேஜா சேர்வரா என்று புரொசெசருக்கு எப்படித் தெரியும்? எந்த நிலைக் குறியீடு வந்தால் திரும்ப முயலக் கூடாது என்று புரொசெசரில் பட்டியல் கொடுக்கலாம். அப்படி விட்ட மெசேஜ் எங்கே போய்ச் சேருகிறது என்பதைச் சோதனை சேர்வரில் வடிவாகப் பார்த்த பிறகு நேரடி சேர்வருக்குக் கொண்டுபோங்கள்.

ஆரியகுளத்தான்

ரபிட்எம்கியூவை விட்டு, மெசேஜ்களைப் பதிவேடு போல வரிசையாக எழுதி வைக்கும் காஃப்காவுக்கு மாறுங்கள். பில் இலக்கத்தைக் கீயாக (எந்தப் பிரிவுக்கு என்று தீர்மானிக்கும் அடையாளமாக) வைத்தால் ஒரே பில்லின் மெசேஜ்கள் ஒரே பார்ட்டிஷனில் (பிரிவில்) வரிசையாக விழும். வரிசைப் பிரச்சினை முடிந்தது.

பனைமட்டை

நான்கு கடைக்கு காஃப்காவா? சரி, பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். காஃப்காவின் வழக்கமான கன்சியூமர் (மெசேஜை எடுக்கிற நிரல்) குழுவில் ஒரு மெசேஜை மட்டும் தனியாக அக் செய்ய (முடிந்தது என்று சொல்ல) வழி இல்லை, ஆஃப்செட் (எதுவரை எடுத்தாயிற்று என்ற குறி) நகர்கிறதா இல்லையா என்பதுதான். பெயின்ட் பில் விழுந்த பார்ட்டிஷன் முழுக்க அதற்குப் பின்னால் காத்து நிற்கும். நான்கு கடையும் நின்றதற்குப் பதிலாக, யார் யாருடையதென்று தெரியாத ஒரு கலவை நிற்கும். பிறகு வேகம் போதாது என்று பார்ட்டிஷனைக் கூட்டினால் எந்தக் கீ எங்கே போகும் என்பதும் மாறிவிடும்.

இன்னொன்று. கன்சியூமர் உள்ளேயே நின்று திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தால், அடுத்த போலுக்கு (புதிய மெசேஜ் கேட்பதற்கு) 5 நிமிடத்துக்குள் வராததற்காகக் குழுவிலிருந்து நீக்கப்படும். மாற்றாவிட்டால் இருக்கும் அமைப்பு அதுதான். அதே கெட்ட மெசேஜ் அடுத்த கன்சியூமரின் கைக்குப் போகும், அதுவும் நீக்கப்படும். மெசேஜ்களை வைத்திருப்பதும் மாற்றாவிட்டால் 7 நாள்தான். நல்லூர்த் திருவிழா 25 நாள். கடை ஆட்கள் எல்லோரும் கோயிலடியில் நிற்கும்போது கன்சியூமர் நின்றால் என்ன செய்வீர்கள்?

ஆரியகுளத்தான்

7 நாளைக் கூட்டி வைக்க ஒரு வரி போதும் அண்ணை. போல் நேரமும் அப்படித்தான், பார்ட்டிஷனைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டுப் போலைத் தொடரலாம். நீங்கள் காஃப்காவைத் திட்டவில்லை, அதை மாற்றாமல் அப்படியே ஓடவிட்டவர்களைத் திட்டுகிறீர்கள். ஆனால் நான்கு கடைக்கு அது பெரிதுதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

கிளிநொச்சி_வளாகம்

நான் பொறியியல் பீட மாணவி. ஒரு சின்னக் கேள்வி. மெசேஜ் புரொசெசரே வேண்டாம், ரபிட்எம்கியூவிலிருந்து நேரே எடுத்து, தோற்றால் நாக் செய்து (ஏற்கவில்லை என்று சொல்லி) கியூவுக்கே திருப்பி விட்டால் என்ன? கடைசியில் போய் நின்று பிறகு வரும்தானே?

நாவற்குழிச்சந்தி

கடைசிக்குப் போகும் என்று நம்ப வேண்டாம் தங்கச்சி. திருப்பி விட்டால் முடிந்தவரை பழைய இடத்திலேயே வைக்கப் பார்க்கும், அதாவது தலைப்பக்கம். அடுத்த நொடியே திரும்ப உங்களிடம் வரும், திரும்பத் தோற்கும். சிபியூ 100ஐத் தொடும், லொக் கோப்பு டிஸ்க்கை நிரப்பும்.

குவோரம் கியூ (பல சேர்வரில் பிரதி வைக்கும் கியூ) பாவித்தால் இதையும் தெரிந்து வைத்திருங்கள்: ரபிட்எம்கியூ 4.0 பதிப்பிலிருந்து ஒரு மெசேஜைத் திருப்பி விடுவதற்கு 20 என்ற எல்லை தானாகவே வந்துவிட்டது. அதைத் தாண்டினால் டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்சுக்கு (எக்ஸ்சேஞ்ச் என்றால் மெசேஜை வாங்கிக் கியூக்களுக்குப் பிரித்து அனுப்பும் இடம்) போகும், அப்படி ஒன்று இல்லையென்றால் அழிந்துவிடும். பழைய பதிப்பில் சுற்றிக்கொண்டாவது இருந்த மெசேஜ், மேம்படுத்திய பிறகு சத்தமில்லாமல் காணாமல் போகும். முதலாளி கேட்டால் பதில் இருக்காது.

வரிசை வேண்டுமென்றால் இன்னும் ஒன்று. ஒரே கியூவுக்கு இரண்டு கன்சியூமர் வைத்து, பிரீஃபெட்சை (முன்கூட்டியே எடுத்து வைக்கும் மெசேஜ் எண்ணிக்கையை) 50 என்று விட்டால், பில் ஒருவரிடமும் அதன் காசு வரவு மற்றவரிடமும் இருக்கும். யார் முந்துவார் என்று சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒரு கன்சியூமருக்கு மட்டும் கொடுக்கிற அமைப்பு 3.8இலிருந்து இருக்கிறது. அதைப் போட்டு, பிரீஃபெட்ச் 1 என்று வையுங்கள். வேகம் குறையும், இந்த அளவு வியாபாரத்துக்கு அது தெரியவே தெரியாது.

வெள்ளவத்தையான்

எல்லோரும் எடுக்கிற பக்கத்தையே கதைக்கிறீர்கள். போடுகிற பக்கம்?

கடை மென்பொருள் பில்லைத் தன் தரவுத்தளத்தில் எழுதுகிறது, பிறகு மெசேஜை அனுப்புகிறது. இரண்டுக்கும் நடுவில் லைன் போனால்? பில் கடையில் இருக்கும், கியூவில் இருக்காது. கன்சியூமரை எவ்வளவு அழகாக அமைத்தாலும் வராத மெசேஜை எடுக்க முடியாது. பில்லை எழுதுகிற அதே டிரான்சாக்ஷனுக்குள் அனுப்ப வேண்டியவை என்று ஒரு அட்டவணையிலும் எழுதுங்கள். அதிலிருந்து எடுத்து அனுப்புவது தனி வேலையாக ஓடட்டும். கியூவுக்கு நேரே போடுகிறீர்கள் என்றால் பப்ளிஷர் கன்ஃபர்ம் (கிடைத்தது என்று ரபிட்எம்கியூ சொல்லும் பதில்) வந்த பிறகு மட்டும் அனுப்பியதாகக் குறியுங்கள்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து எந்தக் கியூவுக்கும் வழி இல்லாத மெசேஜுக்கும் ரபிட்எம்கியூ கன்ஃபர்ம் கொடுக்கும்! எந்தக் கியூவுக்கு என்று சொல்லும் ரவுட்டிங் கீயில் ஒரு எழுத்துப் பிழை போதும். மேண்டட்டரி என்ற கொடியைப் போட்டால்தான் அந்த மெசேஜ் திரும்பி வரும்.

கன்ஃபர்ம் வர முன் லைன் அறுந்தால் திரும்ப அனுப்பத்தான் வேண்டும், அப்போது ஒரே பில் இரண்டு தடவை வரும். ஆகவே பில் இலக்கம் ஏற்கனவே ஏறியிருந்தால் கணக்குப் பக்கம் பேசாமல் சரி என்று சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை மட்டும் போய்ச் சேரும் என்று விற்கிற எதையும் நம்பாதீர்கள். காஃப்கா 2017இல் கொண்டுவந்த அந்த உத்தரவாதமும் காஃப்காவுக்குள்ளேதான் செல்லுபடியாகும், வெளியே இருக்கிற கணக்கு மென்பொருளுக்குச் செல்லுபடியாகாது.

பனைமட்டை

வெள்ளவத்தையான் சொன்னதில் ஒரு சொல்லுக்கும் மறுப்பில்லை. இதை முதலில் செய்யுங்கள்.

கியூ விஷயத்தில் என் கடைசி இறக்கம் இது: கடைக்கு ஒரு கியூ, கியூவுக்கு ஒரு புரொசெசர். சுன்னாகம் நின்றால் சுன்னாகம் மட்டும் நிற்கட்டும், மற்ற மூன்றும் ஓடும். வரிசையும் குலையாது.

நாவற்குழிச்சந்தி

சுன்னாகத்தில் வாங்கிய டைல்ஸை யாழ்ப்பாணக் கடையில் திருப்பிக் கொடுக்க விடுகிறார்களா?

கோண்டாவிலான்

விடுகிறார்கள். முதலாளி அதை விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார்.

நாவற்குழிச்சந்தி

அப்போ கடைவாரியாகப் பிரித்தாலும் வரிசை உடைகிறது. நான் சொல்வது பில் இலக்கம்வாரியாக. ஒதுக்கிய பில் இலக்கங்களை ஒரு அட்டவணையில் வையுங்கள். அடுத்து வருகிற காசு வரவோ திருப்பலோ அந்த இலக்கத்துக்கு என்றால் அதையும் கூடவே ஒதுக்குங்கள். மற்றவை போகட்டும்.

பனைமட்டை

அதாவது கியூவுக்குப் பக்கத்தில் நீங்களே இன்னொரு கியூவை எழுதப் போகிறீர்கள். அதன் பிழைகளை யார் பார்ப்பது? இந்த மூன்று பேர் டீமா? வேறு கடையில் திருப்புவது ஒரு நாளைக்கு எத்தனை நடக்கும்? அது நடந்து, பில்லைக் காணவில்லை என்று அந்தக் கடையும் நின்றால் நிற்கட்டும். ஒரு எஸ்.எம்.எஸ் கூட வரும், அவ்வளவுதானே.

கோண்டாவிலான்

எல்லோருக்கும் நன்றி. இன்று கணக்கு மென்பொருள் செய்தவர்களிடம் கேட்டேன். 500ஐ மாற்ற முடியாதாம், வேறு வாடிக்கையாளர்களும் அதை நம்பி எழுதியிருக்கிறார்களாம். ஆனால் பதிலின் உள்ளே ஒரு பிழைக் குறியீடு தருகிறார்கள், பொருள் இல்லை, வாடிக்கையாளர் இல்லை, ஆண்டு பூட்டப்பட்டது என்று.

அதனால் நடுவில் ஒரு சின்ன ஏபிஐ வைத்து, உள்ளே இருக்கிற குறியீட்டைப் பார்த்து 422 ஆகவோ 503 ஆகவோ மாற்றிக் கொடுக்கப் போகிறேன். கடைக்கு ஒரு கியூ என்பதும் முடிவு. வெள்ளவத்தையான் சொன்ன அவுட்பாக்ஸ் (அனுப்ப வேண்டியவை) அட்டவணையைக் கடை மென்பொருள் எழுதுகிற தம்பியிடம் சொல்லிவிட்டேன், முகத்தைச் சுளித்தான், செய்வான்.

நாவற்குழிச்சந்தி

நல்லது. அந்தக் குறியீட்டுப் பட்டியலை இங்கே போடுங்கள். எது நிற்க வேண்டியது, எது ஒதுங்க வேண்டியது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பட்டியலில் இல்லாதது வந்தால் ஒதுக்குங்கள்.

பனைமட்டை

பட்டியலில் இல்லாதது வந்தால் நிறுத்துங்கள். இதில் நான் இறங்க மாட்டேன்.