இன்சூரன்ஸ் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது?

தறிக்காரர் வீட்டம்மா (செப்டம்பர் 2024. கீழே வரும் 1923-ஆம் வருஷத்துச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது; நவம்பர் 2025-இல் அதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது)
வணக்கமுங்க. எங்கள் வீட்டுக்காரர் சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் குடோனில் மீட்டர் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். வயது 35. மொத்தமே ஏழு பேர், அதனால் இ.எஸ்.ஐ. என்கிற அரசாங்கத் தொழிலாளர் காப்பீடு கிடையாது. ஜூனில் பல்சக்கரத்தில் கை மாட்டி, ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. கோயமுத்தூர் தனியார் ஆஸ்பத்திரியில் பில் 1,18,000. முதலாளி 15,000 கட்டினார், நகையை அடகு வைத்து நாங்கள் 60,000 கட்டினோம். 43,000 பாக்கி, தினம் போன் வருகிறது.

முதலாளி எடுத்திருந்த இன்சூரன்ஸில் கேட்டதற்கு, பட்டியலில் இவர் பெயர் இல்லை என்று தள்ளுபடிக் கடிதம் வந்துவிட்டது. "கம்பெனியே கையை விரித்துவிட்டது, நான் என்ன பண்ணட்டும்? நீ வாங்கின அட்வான்ஸ் 40,000-ஐத் தள்ளிவிடுகிறேன், இந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு" என்கிறார். போட்டுவிடலாமா?

பாவு ஓட்டி
போடாதீங்க அக்கா! என் மச்சான் அப்படிப் போட்டுவிட்டு ஒரு வருஷம் அலைந்தார்.

சங்க ஆபீஸ் எழுத்தர்
இன்சூரன்ஸ் என்பது முதலாளிக்கும் கம்பெனிக்கும் உள்ள கணக்கு. அவர்கள் தரவில்லை என்றால் முதலாளி தன் கையிலிருந்து தரவேண்டும். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் 4(2ஏ) என்று ஒரு உட்பிரிவு, 2010-இல் நடப்புக்கு வந்தது. வேலையில் பட்ட காயத்துக்கு ஆன வைத்தியச் செலவு முழுவதையும் முதலாளி திருப்பித் தரவேண்டும் என்கிறது.

விரலுக்கான இழப்பீடு தனி. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனால், சம்பாதிக்கும் திறனில் 11 சதவீதம் போனதாகச் சட்டத்தின் அட்டவணை கணக்கு வைக்கிறது. மாதச் சம்பளம் 15,000 என்று வைத்தால், அதில் 60 சதவீதமான 9,000-ஐ, அதே சட்டத்தில் 35 வயதுக்குப் போட்டிருக்கும் காரணி 197.06-ஆல் பெருக்கி, அதில் 11 சதவீதம் எடுங்கள். சுமார் 1,95,000 வரும். அவர் தள்ளுவதாகச் சொல்வது 40,000! இழப்பீட்டில் வேறு கடனைக் கழிக்கக் கூடாது என்று பிரிவு 9 சொல்கிறது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம் பிரிவு 17-இன்படி செல்லாது. செல்லாதது என்றாலும் கையெழுத்துப் போடாமல் இருப்பதுதான் நிம்மதி.

தறிக்காரர் வீட்டம்மா
ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேனுங்க. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, கூட வந்த மேஸ்திரி ஆஸ்பத்திரியில் "வீட்டு கிரைண்டரில் மாட்டியது" என்று சொல்லிவிட்டார். டிஸ்சார்ஜ் சீட்டிலும் அப்படியே இருக்கிறது. ஒரிஜினல் பில்லும் முதலாளியிடம்தான்.

குடோன்காரன்
நானும் எட்டுத் தறி வைத்திருக்கிறேன். எங்களுக்கும் கூலி உயரவில்லை, கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு நல்ல மனிதரை வைத்துப் பேசிப் பாருங்கள், கேஸ் என்றால் இழுக்கும்.

சங்க ஆபீஸ் எழுத்தர்
பேசலாமுங்க, ஆனால் பத்திரம் எழுதாமல்.

கிரைண்டர் கதை எல்லா ஊரிலும் நடப்பதுதான். அக்கா, ஒன்றை யோசியுங்கள். இன்சூரன்ஸில் கிளைம் போட்டது யார்? முதலாளிதானே? வீட்டில் அடிபட்டவருக்கு யாராவது தொழிலாளர் இன்சூரன்ஸ் கேட்பார்களா? "என் குடோனில் வேலை செய்யும்போது அடிபட்டது" என்று எழுதித்தான் கேட்டிருப்பார். தள்ளுபடிக் கடிதத்தைத்தான் உங்களுக்கு எதிரானது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது உங்கள் சாட்சியாகத் தெரிகிறது. அதன் நகல் இருக்கிறதா?

கூலி நோட்டு, முதலாளி அனுப்பிய ஜிபே விவரம், அன்றைக்குப் பக்கத்துத் தறியில் இருந்தவர் பெயர், இதையெல்லாம் சேர்த்து வையுங்கள். பில்லுக்கு முத்திரையோடு டூப்ளிகேட் கேட்டு ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் கொடுங்கள். மருந்துக்கடைச் சீட்டை இன்றே ஜெராக்ஸ் எடுங்கள், அந்த வழுவழுப்புத் தாளில் எழுத்து அழிந்துவிடும். முதலாளிக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், அப்புறம் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு. விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், இலவசம். அவர்களுடைய 15100 எண்ணுக்குப் போனும் அடிக்கலாம். ஆஸ்பத்திரிக்கு மாதம் 2,000 கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் போன் தொல்லை குறையும்.

தறிக்காரர் வீட்டம்மா
கடிதத்தை முதலாளியே வீட்டுக்காரர் வாட்ஸ்அப்புக்குப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாருங்க, "பார், இல்லையென்று சொல்லிவிட்டான்" என்று. இப்போதுதான் பார்த்தேன். விபத்து நடந்த இடம் என்ற இடத்தில் குடோன் விலாசம் இருக்கிறது. வியாழக்கிழமை கோயமுத்தூர் போகிறோம்.