ஆஸ்பத்திரி வேலையில பட்ட காயங்கள்: உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

கனகராயன்: நான் சிற்றூழியர், கிளிநொச்சிப் பக்கம். ஊசி போடுறது நாங்களில்லை, குத்துறது மட்டும் எங்களுக்கு. போன மாரிக்குள்ள வார்டில அழுக்குத் துணி கட்டேக்க, சீலைக்குள்ள கிடந்த ஊசி கையுறையையும் தாண்டிப் பெருவிரல்ல ஏறிச்சு. ஆருக்குப் போட்ட ஊசி எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. "பிதுக்கி ரத்தத்தை எடு, ஸ்பிரிட் ஊத்து" எண்டு பக்கத்தில நிண்டவை கத்தினம். நேர்ஸ் மிஸ் ஒராள்தான் ஓடிவந்து பைப்பைத் திறந்து சவுக்காரம் போட்டுக் கழுவவைச்சவ. ஊசி குத்தினதை எழுதியும் வைப்பிச்சவ. எழுதினால் பேச்சு விழும் எண்டு தடுத்தவையும் இருந்தவை.

வவுனிக்குளம்: அண்ணை, நான் நேர்ஸ். மிஸ் செய்தது சரி. பிதுக்கினால் சதை நோகுமே ஒழியக் கிருமி வெளியில வராது. ஹெப்பற்றைற்றிஸ் பி எண்ட ஈரல் வருத்தத்துக்கான தடுப்பூசி மூண்டும் போட்டனீங்களோ? போடாத ஆளுக்கு அந்த வைரஸ் உள்ள ரத்தம் ஊசியால ஏறினால் தொற்றுற வாய்ப்பு 6 முதல் 30 வீதம். எச்.ஐ.வி. வெறும் 0.3 வீதம். எங்கட ஆக்கள் நித்திரையில்லாமல் பயப்பிடுறது எச்.ஐ.வி.க்கு! அது தொற்றாமல் தடுக்கவும் மருந்து இருக்கு. 72 மணித்தியாலத்துக்குள்ள, ஏலுமெண்டால் அண்டைக்கே தொடங்கி, 28 நாள் குடிக்கவேணும். எழுதி வைக்காட்டி, பிறகு வருத்தம் வந்தால் வேலையில வந்தது எண்டு என்னத்தைக் காட்டுறது?

பரந்தன் சந்தி: ஊசியை விடுங்கோ, அம்புலன்சைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை. முல்லைத்தீவுப் பக்கமிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவில நோயாளியை மாத்திக்கொண்டு போறம். மழை விட்டால் மாடெல்லாம் தார் றோட்டிலதான் படுக்கும். ட்ரைவர் அண்ணை பிறேக் அடிச்சார், பிழை சொல்லேலாது, அடிக்காட்டி மாட்டோட போயிருப்பம். நான் அப்ப குனிஞ்சு சேலைன் பாத்துக்கொண்டு நிண்டனான். தோள் போய் ஒட்சிசன் சிலிண்டரில அடிச்சுது. ட்ரைவருக்குப் பெல்ட் இருக்கு, நோயாளியையும் கட்டியிருக்கு, பின்னால நிக்கிற ஆளுக்கு ஒண்டுமில்லை. இருந்தால் நோயாளியைப் பாக்கேலாது, நிண்டால் இதுதான். இண்டைக்கும் அந்தக் கையால சீலை கொடியில போடேலாது.

மல்லாவியான்: முதுகு நாரி நோவை எந்தக் கணக்கில சேர்க்கிறது? பாரமான ஆளைக் கட்டிலால ட்ரொலிக்கு மாத்த நாலு பேர் வேணும், இரவில ரெண்டு பேர்தான்.

கனகராயன்: தங்கச்சி, ரெண்டு ஊசிதான் போட்டது. மூண்டாவதுக்கு முதல் இடமாற்றம் வந்திட்டுது. ரத்தம் சோதிச்சாச்சு, இப்போதைக்கு ஒண்டுமில்லையாம், திருப்பியும் வரச் சொல்லியிருக்கினம். மிச்ச ஊசியை இப்ப போடலாமோ, முதலில இருந்து தொடங்கவேணுமோ?

வவுனிக்குளம்: முதலில இருந்து தேவையில்லை அண்ணை, விட்டதைப் போட்டால் காணும். நாளைக்கே போய்க் கேளுங்கோ.