திடீரென்று நின்றுபோன கேமரா: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேமரா திடீரென்று நின்றுபோனால் நம்மில் பலர் முதலில் சந்தேகப்படுவது உள்ளேயிருக்கும் மின்சுற்றுப் போர்டைத்தான். பறவைப் படம் எடுப்பவர்களோடு பல ஆண்டுகளாகச் சுற்றி, அவர்களுடைய கேமராக்கள் நின்றுபோவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோளாறு பெரும்பாலும் கையெட்டும் இடத்திலேயே இருக்கிறது. பேட்டரி, அதன் மூடி, மெமரி கார்டு, லென்ஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்காமல் கேமராவைக் கடையில் கொடுப்பது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு.

கோடியக்கரையில் நடந்ததை எழுதுகிறேன். ஒரு பக்கம் கடலும் இன்னொரு பக்கம் வேதாரண்யத்து உப்பளங்களும் இருப்பதால் அங்கே காற்றே உப்புக் கரிக்கும். சிறிது நேரம் நின்றால் மூக்குக்கண்ணாடி பிசுபிசுத்துவிடும். குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்க்கப் போயிருந்தபோது, உடன் வந்த நண்பரின் கேமரா ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அணைந்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் பின்திரையில் ஒளி இல்லை, கார்டு விளக்கு மினுங்கவில்லை, மேலேயுள்ள சிறு திரையில் ஒரு கோடுகூட வரவில்லை. இப்படி முற்றிலும் அணைந்து கிடப்பது வேறு, இயங்கிக்கொண்டே பிழைச் செய்தி காட்டுவது வேறு. இந்த வேறுபாட்டை முதலிலேயே கவனித்துக்கொண்டால் பாதித் தேடல் முடிந்துவிடும். எதுவுமே எரியவில்லை என்றால், மின்சாரம் உள்ளே போகவில்லை என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

காருக்குள் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சார்ஜ் நிறைந்த இன்னொரு பேட்டரியைப் போட்டும் பயனில்லை. கெட்டுப்போன கார்டு சில சமயம் கேமராவைத் தொடங்கவே விடாது என்பதால் கார்டை எடுத்துவிட்டுப் பார்த்தோம்; பிறகு லென்ஸைக் கழற்றி, உடலுக்கு மூடியிட்டுப் பார்த்தோம். எதிலும் மாற்றமில்லை. அடுத்தது பேட்டரி மூடி. பல கேமராக்களில் பேட்டரி அறையின் விளிம்பில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். மூடியிலுள்ள பிளாஸ்டிக் முனை அதை அழுத்தினால்தான், மூடி சாத்தப்பட்டது என்று கேமரா எடுத்துக்கொள்ளும். அந்த முனை உடைந்துபோய், நல்ல கேமரா பல மாதங்கள் அலமாரியில் தூங்கியதையும் பார்த்திருக்கிறேன். நண்பருடைய மூடி நன்றாகவே இருந்தது. கைபேசியின் விளக்கை அறைக்குள் அடித்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது: பேட்டரியைத் தொடும் வில் தகடுகளில் நடுவிலிருந்த ஒன்றின்மேல் இளம்பச்சையாக ஒரு மெல்லிய படலம் படிந்திருந்தது.

ஒரே ஒரு தகடு கேமராவை நிறுத்திவிடுமா என்று கேட்கலாம். நிறுத்தும். கேமரா பேட்டரிக்கு நேர்முனை, எதிர்முனை என்ற இரண்டு மட்டும் இருப்பதில்லை. வெப்பநிலையையும் பேட்டரியின் அடையாளத்தையும் தெரிவிக்க இடையில் வேறு தகடுகளும் இருக்கும். அவற்றில் ஒன்று தொடாவிட்டாலும், பேட்டரி நிறையச் சார்ஜ் இருந்தும் கேமரா அதை ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். என் பையில் எப்போதும் இருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, துகள் உள்ளே விழாதபடி கேமராவின் அடிப்புறத்தைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, குச்சியின் முனையில் பச்சை ஏறுவது நிற்கும்வரை துடைத்தோம். பேட்டரியின் தகடுகளையும் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் போட்டவுடன் கேமரா இயங்கிவிட்டது.

ஒரு கிளைச் செய்தி: நீண்ட நாள் பேட்டரி இல்லாமல் கிடந்த கேமரா மறுபடி இயங்கும்போது தேதியையும் நேரத்தையும் கேட்டால் பதற வேண்டாம். கடிகாரத்துக்கென்று உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

*

கோடியக்கரை அனுபவத்தை எழுதிய ஐயாவுக்கு வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கத்தில் திருமணப் படங்கள் எடுக்கிறேன். என் கேமரா அணைந்து கிடக்கவில்லை. நீங்கள் சொன்ன இரண்டாவது வகையை, அதாவது இயங்கிக்கொண்டே பிழைச் செய்தி காட்டும் வகையைச் சேர்ந்தது.

அன்று முகூர்த்தம் முடியும்வரை கேமரா ஒரு குறையும் வைக்கவில்லை. கெட்டிமேளம், தாலிகட்டு, அட்சதை எல்லாம் ஒழுங்காகப் பதிவாயின. வெளியே பந்தலுக்கு முன்னால், வெயிலில், இரு வீட்டாரையும் நிற்கவைத்துக் குடும்பப் படம் எடுக்க அழுத்தியதும், லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே தொடர்பில் பிழை என்ற செய்தி வந்தது. அணைத்துப் போட்டேன், லென்ஸைக் கழற்றி, அதன் பின்புறத்துத் தங்கநிறத் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பொருத்தினேன். மறுபடியும் அதே பிழை. சோதனைக்காக மண்டபத்துக்குள் வந்து ஒரு படம் எடுத்தால் நன்றாக விழுகிறது. வெளியே போனால் மறுக்கிறது.

இந்தப் புதிருக்கு விடை லென்ஸின் உள்ளே இருந்தது. நாம் வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது என்னுடையதைப் போன்ற லென்ஸின் அப்பெர்ச்சர், அதாவது ஒளி புகும் துளை, எப்போதும் முழுதாகத் திறந்தே இருக்கும்; ஷட்டர் இயங்கும் அந்தக் கணத்தில் மட்டும்தான் நாம் வைத்த அளவுக்கு அதன் இதழ்கள் சுருங்கும். மங்கிய மண்டபத்தில் எஃப் 3.5 போன்ற மிக அகன்ற அளவிலேயே (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) எடுத்துக்கொண்டிருந்ததால் இதழ்கள் அசைய வேண்டிய தேவையே எழவில்லை. வெயிலில் எஃப் 8 வைத்ததும் அவை அசைய வேண்டியிருந்தது, அசைய முடியவில்லை, பிழை வந்தது. இது புரிந்ததும் அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்தே வைத்து, ஒளியை உணரும் திறனான ஐஎஸ்ஓவைக் குறைத்து, ஷட்டர் வேகத்தை ஏற்றி மிச்சப் படங்களை எடுத்தேன். அகன்ற அப்பெர்ச்சரில் தெளிவாக விழும் ஆழம் குறைவு என்பதால், முன்வரிசை பின்வரிசை என்று நிற்கவிடாமல் எல்லாரையும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கச் சொன்னேன். மாப்பிள்ளையின் தாய்மாமா, இது என்ன பள்ளிக்கூடப் பிரார்த்தனையா என்று கேட்டார். ஆனாலும் நின்றார்கள், படமும் கிடைத்தது.

பிறகு பழுதுபார்ப்பவர் லென்ஸைப் பிரித்துக் காட்டினார். இதழ்களை இயக்கும் பட்டைக் கேபிள் ஜூம் செய்யும்போதெல்லாம் மடிந்து மடிந்து, ஒரு மடிப்பில் மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது. கேபிளை மாற்றியதோடு சரியாகிவிட்டது. தெளிவாக விழும் ஆழத்தை முன்கூட்டியே பார்க்க உதவும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பொத்தான் உள்ள கேமராவில், எஃப் 8 வைத்து அந்தப் பொத்தானை அழுத்தியபடி லென்ஸை முன்புறமாகப் பார்த்தால் இதழ்கள் சுருங்குகின்றனவா என்று யாரும் வீட்டிலேயே கண்டுகொள்ளலாம்.

எங்கள் தொழிலில் இன்னொரு கட்டாயம் உண்டு. கேமரா தகராறு செய்த அந்த நொடியே கார்டை வெளியே எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிட வேண்டும். சோதனைகளை வேறு கார்டில்தான் செய்ய வேண்டும். கேமரா கார்டை ஃபார்மட் செய்யச் சொன்னாலும் செய்யக் கூடாது. புதிதாக எதுவும் எழுதப்படாதவரை ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் படங்களை மீட்க நல்ல வாய்ப்பிருக்கிறது. மேலே எழுதிவிட்டால் போனது போனதுதான், அந்தத் தாலிகட்டை இன்னொரு முறை நடத்தச் சொல்ல நம்மால் முடியாது.

*

அண்ணன்கள் இருவரும் எழுதியதைப் படித்த பிறகு, எங்கள் தூத்துக்குடி வீட்டிலிருந்த பழைய சிறிய டிஜிட்டல் கேமராவைப் பற்றியும் எழுதத் தோன்றியது. அதில் மெனு வரும், முன்பு எடுத்த படங்கள் அழகாகத் தெரியும்; ஆனால் படமெடுக்கத் திருப்பினால் திரை ஊதாநிறக் கோடுகளாகச் சிதறும், சில நாள் வெறும் கருப்பாகவே இருக்கும். திரையில் பழுது என்றே அப்பா நினைத்திருந்தார். பழைய படங்கள் சரியாகத் தெரியும்போது திரை எப்படிக் கெட்டிருக்கும் என்று அம்மாதான் கேட்டார். கெட்டிருந்தது ஒளியைப் படமாக்கும் சிசிடி சென்சார்.

அது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த குறையில்லை. 2005 அக்டோபரில் பல கேமரா நிறுவனங்கள் அடுத்தடுத்து இதே குறையை ஒப்புக்கொண்டு அறிவிப்பு வெளியிட்டன. அவற்றின் பல மாடல்களில் இருந்த சிசிடிகள் ஒரே இடத்தில் தயாரானவை. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் சென்சாருக்குள்ளிருக்கும் நுண்கம்பி இணைப்புகள் விட்டுப்போயின. வாரண்டி முடிந்த கேமராக்களுக்கும் இலவசமாக மாற்றித் தருவதாக நிறுவனங்கள் கூறின. எங்களுக்கும் மாற்றித் தந்தார்கள். கடலோர ஊர்களில் ஆண்டு முழுவதும் இருப்பதே அந்தச் சூழல்தான். அந்தக் காலத்துச் சிறிய கேமராக்களை இப்போது இளைஞர்கள் தேடித் தேடி வாங்குவதால் இதைச் சொல்கிறேன்: விற்பவர் மெனுவையும் பழைய படங்களையும் காட்டினால் போதாது, உங்கள் கண்முன் புதிதாக ஒரு படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு கேள்வியும் இருக்கிறது. மழையில் நனைந்த கேமராவை அரிசிப் பானைக்குள் புதைத்தால் சரியாகும் என்கிறான் என் தம்பி. உண்மையா?

*

தங்கை கேட்டதற்குக் கோடியக்கரைக்காரனின் பதில். அரிசி வேண்டாம், ஈரத்தை அது மெதுவாகத்தான் இழுக்கும், அதன் மாவுத்தூசு வேறு இடுக்குகளில் புகுந்துகொள்ளும். நனைந்தவுடன் கேமராவை இயக்கிப் பார்க்காமல் பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, வெளிப்புறத்தைத் துடைத்து, மூடிகளைத் திறந்தபடி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் சில நாட்கள் விட்டுவிடுங்கள். உப்புநீரில் விழுந்திருந்தால் காத்திருக்காமல் உடனே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். ஈரம் உலர்ந்த பிறகும் உப்பு உள்ளே தங்கி அரித்துக்கொண்டே இருக்கும்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுப்பதும் ஒருவகையில் நனைப்பதுதான். குளிர்ந்த உலோகத்தின் மீதும் கண்ணாடியின் மீதும் வெளிக்காற்றின் ஈரம் நீராகப் படியும். அறையில் இருக்கும்போதே ஜிப் உள்ள பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடி, வெளியே வந்து கேமராவின் குளிர் தணிந்த பிறகு பிரித்தால் அந்தத் தொல்லை இல்லை.

தம்பியிடம் கண்டிப்பாக ஒன்றைச் சொல்லிவையுங்கள். ஃப்ளாஷ் உள்ள எந்தக் கேமராவையும் அவர் திருப்புளியால் திறக்கக் கூடாது. ஃப்ளாஷுக்காக மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 300 வோல்ட் இருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்த மின்சாரம் நெடுநேரம் தங்கி, தொட்டவரைத் தூக்கியடிக்கும். கடையில் கொடுக்கும்போது, எந்த லென்ஸில், எந்த அப்பெர்ச்சரில், எந்தக் கார்டில் பிழை வந்தது, திரையில் என்ன எண் தெரிந்தது, என்னென்ன மாற்றிப் பார்த்தீர்கள் என்பதையெல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கேமராவோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்த கேமரா, கடையில் போட்டுப் பார்க்கும்போது ஒழுங்காக ஓடிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மறுபடி நின்றுபோவதுண்டு.